சப்பை என்ற சொல்லுக்குப் பயந்த காலம்

எங்கள் கம்பெனியின் தர ஆய்வு அறையில் ஒரு கருங்கல் மேசை இருக்கிறது. அதற்கு முறையான ஆங்கிலப் பெயர் உண்டு. நாங்கள் யாரும் அதைச் சொல்வதில்லை, கல் என்றுதான் சொல்வோம். கல்லின் மேல் டிபன் பாக்ஸ் வைக்கக் கூடாது, முழங்கை ஊன்றக் கூடாது, புதிதாக வந்தவர்கள் தெரியாமல் சாய்ந்துவிட்டால் கோயில் படியில் செருப்போடு ஏறியவரைப் பார்ப்பதுபோல எல்லோரும் பார்ப்போம். கடைந்து வருகிற என்ஜின் மூடிகளை அதன் மேல் கவிழ்த்து வைத்து, நாலு மூலையையும் விரலால் மாற்றி மாற்றி அழுத்துவோம். மூடி நிஜமாகவே தட்டையாக இருந்தால் சத்தமே வராது. எங்காவது ஒரு மூலை தூக்கியிருந்தால் டக் டக் என்று ஆடும். கருவி வைத்து அளப்பதெல்லாம் அப்புறம்தான். விரலுக்கு முதலிலேயே தெரிந்துவிடும்.

நாள் முழுக்க இதையே செய்கிறவர்களின் வாயில் வேறென்ன வரும்? சொன்ன சொல்லில் நிற்காத ஆளுக்கு எங்களிடம் 'டக்டக்கு' என்று பெயர். "அவரு டக்டக்கும்மா, அவரை நம்பி ஷிப்டு மாத்திக்காத" என்பார்கள். மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தால் 'லேப்பிங் போட்டாங்க' என்போம். லேப்பிங் என்பது உரசும் பசையைத் தடவித் தேய்த்துத் தேய்த்து மேடு பள்ளம் இல்லாமல் ஆக்குகிற வேலை. திட்டு வாங்கி வந்தவரின் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆளைப் பற்றிச் சொல்லும் ஆகப்பெரிய பாராட்டு 'நாலு மூலையும் உட்கார்ந்திருக்கும்' என்பது. எங்கள் அறையில் அதை எல்லோருக்கும் கொடுத்துவிட மாட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கிளாம்ப் ஃபிளாட்'. மெல்லிய மூடியை இறுக்கிப் பிடித்துக் கடையும்போது, பிடியில் இருக்கிற வரைக்கும் அது அவ்வளவு ஒழுங்காக இருக்கும். கிளாம்பைக் கழற்றியதும் உள்ளே இருந்த வளைவு மெல்லத் திரும்பி வந்துவிடும். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். அதனால் ஆபீசர் எதிரில் பூனையாகவும் பஸ்ஸில் ஏறியதும் புலியாகவும் இருக்கிறவர்களை கிளாம்ப் ஃபிளாட் என்போம். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் நான் இருந்த இருப்புக்கும் இந்தச் சொல்லே போதும்.

கம்பெனி வாசலைத் தாண்டிவிட்டால் தட்டைக்கு இந்த மரியாதை கிடையாது. மோசமான சரக்கு மட்டம். வேலைக்கு வராவிட்டால் மட்டம் போடுவது. ஒருவரை இறக்கிப் பேசினால் மட்டம் தட்டுவது. குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர் மட்டை. களைத்துப் போய்த் தூங்கினாலும் ஃபிளாட், ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கினாலும் ஃபிளாட். ஒன்றுக்கும் ஆகாத விஷயம் சப்பை மேட்டர். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, எங்கள் ஊரில் அது சப்பட்டை. இப்போது குடியிருக்கிற ஓசூரில் காய் வாங்கப் போனால் கன்னடத்தில் சப்பட்டெ, தெலுங்கில் சப்பை மூக்குக்குச் சப்பிடி முக்கு. எந்தப் பாஷைக்குப் போனாலும் வசைதான். எனக்கு இதைக் கேட்டால் சுருக்கென்று கோபம் வரும். ஒரு சின்ன மூடியைச் சப்பையாக்கி எடுப்பதற்குள் எத்தனை பேருக்குத் தாவு தீர்கிறது என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

என் கணவர் பாரூர்க்காரர். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். அவர் ஓசூரில் வேறொரு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். எதற்கும் பதறாத மனிதர். மோட்டார் புகைந்தாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். "நீ மனுசங்களயும் கல்லுல வச்சுப் பாக்கற" என்று என்னைக் கேலி செய்வார். அது உண்மைதான், எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. மகள் பிறந்து மூன்றாம் மாதம் வரைக்கும் இருந்தது.

பிரசவ விடுப்பில் இருந்தேன். மகளைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, பின்மண்டையின் வலப்பக்கம் உள்ளங்கைக்குள் உருளவில்லை. இடப்பக்கம் உருண்டது. திரும்பவும் தடவிப் பார்த்தேன். கட்டிலில் கிடத்தினால் அவள் எப்போதும் வலது பக்கம் இருக்கிற ஜன்னலைத்தான் பார்ப்பாள். வெளிச்சம் பிடிக்கும் என்று நாங்களும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். அப்படியே பார்த்துப் பார்த்து அந்தப் பக்கம் அமுங்கிப் போயிருந்தது.

கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மா கன்னடக்காரர். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார். துணி காயப்போட மாடிக்கு வந்தவர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "தலெ சப்பட்டெ ஆகிதெ கணம்மா" என்றார். அப்புறம் தமிழில், "மாத்தி மாத்திப் படுக்க வெய்யி" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் மகளின் பின்மண்டையை மறுபடியும் தடவிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆய்வு அறைப் பெண்கள் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். சூப்பர்வைசர் அம்மாவும் வந்திருந்தார். பழமும் கவுனும் கிலுகிலுப்பையுமாக ஒரே கலகலப்பு. குழந்தை கை மாறிக்கொண்டே போனது. ஒவ்வொருவரும் வாங்கும்போது தலைக்குப் பின்னால் கை கொடுத்துத்தானே வாங்க வேண்டும்? ஒவ்வொரு கையும் அந்த இடத்தில் கண்ணிமைக்கும் நேரம் நின்றது. எனக்குத் தெரியாத கைகளா அவை? முடி அளவு தூக்கலைக் கண்டுபிடிக்கிற கைகள். அதன் பிறகு பேச்சு ஜன்னல் திரைக்குப் போயிற்று. தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதற்குப் போயிற்று. வாயைத் திறந்தால் டக்டக்கு, லேப்பிங் என்று கொட்டுகிற ஒருத்தி, திரைத்துணி எந்தக் கடையில் வாங்கியது என்று இரண்டாவது முறை கேட்டாள். அன்று முழுக்க எங்கள் அறைச் சொல் ஒன்றுகூட யார் வாயிலிருந்தும் வரவில்லை. கிளம்பும்போது சூப்பர்வைசர் அம்மா மட்டும் என் தோளைத் தொட்டு, "டாக்டர்ட்ட காட்டிட்டுத்தான இருக்கீங்க?" என்றார்.

அவர்கள் ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொல்லாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் பழைய காலண்டர் அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டினேன். மகளின் தலையில் நன்றாக இருக்கிற இடப்பக்கத்து வளைவுக்கு அட்டையை ஒட்டி வைத்து, வெட்டி, திரும்ப வைத்து, சரிபார்த்து, ஒரு அச்சு தயார் செய்தேன். அதைத் திருப்பி வலப்பக்கம் வைத்துப் பார்த்தால் நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது. கம்பெனியில் வெளிச்சம் தெரிந்தால் சிவப்பு பெயின்ட் அடித்துத் தனியாக எடுத்து வைப்போம். இங்கே என்ன செய்வது? மறுநாளும் வைத்துப் பார்த்தேன். அதற்கு மறுநாளும். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்து அட்டையைப் பிடித்துக் கடிக்கப் பார்த்தாள்.

கணவர் அதைப் பார்த்துவிட்டார். "என்னம்மா இது, கம்பெனி வேலைய வூட்டுக்கு எடுத்தாந்துட்டியா?" என்றார்.

"பிள்ள தலையப் பாருங்க. ஒரு பக்கம் அமுங்கிக் கெடக்கு. கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வளர வளர சரியாப் பூடும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார். இந்த மனிதருக்குப் பெற்ற பிள்ளை மேல்கூடப் பதற்றம் வராதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வாரம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கு இரண்டு பயம். ஒன்று, செல்போனில் தேடிப் படித்ததால் வந்தது. சில குழந்தைகளுக்கு மண்டை எலும்புகள் முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளுமாம், அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வருமாம். இன்னொன்றை வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது. அது பெயர். கணவரின் ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஒட்டினால் சுடுகாடு வரைக்கும் கூடவே வரும். சின்ன வயதில் ஒருமுறை ஏரியில் வழுக்கி விழுந்தவர், பேரன் எடுத்த பிறகும் 'முழுகி'தான். பெண் பிள்ளை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், யாராவது 'ஏ சப்பை' என்று கூப்பிட்டால்? அந்தச் சொல்லை ஊரில் எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் யாரோ எதற்கோ சொன்னாலே சண்டைக்குப் போகத் தோன்றுகிறவள் நான். என் மகளைச் சொன்னால் என்ன ஆவேனோ.

குழந்தை மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. மகளை மடியில் உட்காரவைத்து, மேலிருந்து பார்த்தார். காதுகளைப் பார்த்தார். விரல்களால் உச்சியிலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். அவர் விரல் எங்கெங்கே நிற்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "எலும்பு ஒட்டல. நல்லா இருக்கு. ஒரே பக்கம் படுத்து அமுங்கினதுதான்" என்றார்.

"திரும்பிருமா டாக்டர்?"

"பெரும்பாலும் திரும்பிடும். மொத்தமும் திரும்பிடும்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் ஒரு தொந்தரவும் கிடையாது. முடி வளர்ந்தா யாருக்கும் தெரியாது."

முழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து குப்புறப் போட்டு விளையாட விடச் சொன்னார், கட்டிலில் தலைமாட்டை மாற்றிப் போடச் சொன்னார். பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரொம்ப நல்லா வெட்டியிருக்கீங்க. இனிமே வேண்டாம்" என்று சொல்லி என்னிடம் திருப்பித் தராமல் மேசைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அமுக்கி வைத்த உலோகம் பிடியை விட்டதும் பழைய வளைவுக்குத் திரும்புகிறதே என்று எத்தனை வருடமாக நாங்கள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் திரும்பலுக்காக எத்தனை மூடிகளைத் தள்ளியிருக்கிறேன். இப்போது, திரும்பு தாயே, எவ்வளவு முடியுமோ அவ்வளவு திரும்பிவிடு என்று மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டேன். எங்களைக் கூட்டிப்போக பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்த கணவரிடம் அன்றைக்குத்தான் பேசினேன். "ஒட்டலயாம்" என்றேன். அவர் பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் குழந்தையின் இரண்டு பாதத்திலும் முத்தம் கொடுத்தார்.

பெரிய பயம் போனது. சின்னப் பயம் போகவில்லை. ஆனாலும் முடி வளர்ந்தால் தெரியாது என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாள் ஓட்டினேன். முடியும் என்னை ஏமாற்றவில்லை. சுருட்டை சுருட்டையாக அடர்ந்து வந்தது. வேலைக்குத் திரும்பினேன், கல்லும் மூடியுமாக நாள் போனது. அப்போதுதான் பாரூரிலிருந்து நாத்தனார் போன் செய்தார். கணவரின் அக்கா. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஆடிக்கு முன்னாடி பாப்பாவுக்கு முடி எறக்கிப்புடலாம். பூசாரிகிட்ட சொல்லிட்டேன். உன் தம்பிய வரச் சொல்லு, தாய்மாமன் மடியில வச்சுத்தான எடுக்கணும்" என்றார்.

"அண்ணி, பூமுடி மட்டும் குடுத்தாப் போதாதா? மழிச்சா பிள்ள பயப்படுவா" என்றேன். பூமுடி என்றால் நுனியில் கொஞ்சம் மட்டும் வெட்டிக் கொடுப்பது, பெரிய பெண்கள் செய்வது.

"மொத முடி சாமிக்குச் சேர வேண்டியது. முழுசாத்தான் எறக்கணும். பூமுடி வேணும்னா நீ குடு" என்று சொல்லிவிட்டு, ஆட்டுக்கிடா என்ன விலை விற்கிறது என்ற பேச்சுக்குப் போய்விட்டார். கிடாவைக் குந்தாரப்பள்ளிச் சந்தையில் பிடிப்பதா, ஊரிலேயே பார்ப்பதா என்று அவருக்குக் கவலை. மொட்டைத் தலையோடு என் மகள் மொத்த ஊருக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்து எனக்குக் கவலை.

குலதெய்வக் கோயில் கால்வாய்க் கரையில் ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பந்தல் போட்டு, அடுப்பு மூட்டிவிட்டார்கள். சொந்தக்காரர்கள், கணவரோடு படித்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள் என்று நல்ல கூட்டம். வேண்டுதல் என்று மாமனார், கணவரின் அண்ணன், கணவர் மூவரும் முதலில் மொட்டை போட உட்கார்ந்தார்கள். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. குழந்தைக்குப் பால், மாற்றுத் துணி, தொப்பி என்று பையைக் குடைந்துகொண்டிருந்தேன். தொப்பி இரண்டு வாங்கி வைத்திருந்தேன். அவர்கள் மொட்டை முடிந்து கால்வாயில் குளிக்கப் போய்விட்டார்கள்.

என் தம்பி சம்மணமிட்டு உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டான். தலையில் தண்ணீர் பட்டதும் அவள் வீறிட்டாள். கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போகப் போக, சுருள் சுருளாக முடி துண்டில் விழுந்தது. நான் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து சிரிப்புக் காட்டினேன். பின்பக்கம் போகத் தைரியம் இல்லை. ஊர் முழுக்க அவளுக்குப் பின்னால் நின்றது. அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் முதலில் சொல்லப் போகிறார்கள்? என்ன சொல்லப் போகிறார்கள்?

கடைசி முடியும் இறங்கியது. நாத்தனார் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தார். பின்னால் ஒருமுறை பார்த்தார். கிட்டப் போய் மறுபடியும் பார்த்தார். நான் தொப்பியைக் கையில் இறுக்கிக்கொண்டேன்.

"அட, அப்படியே எங்க வூட்டு மண்டை" என்றார் அவர்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. "ஆமா, அப்பனே தான்" என்றார் ஒருவர். "தாத்தனுக்கும் இதே தான்" என்றார் இன்னொருவர். நாத்தனார் கால்வாய்ப் பக்கம் திரும்பி, "எல்லாரும் வாங்க, வந்து வரிசையா நில்லுங்க, சந்தனம் பூசணும்" என்று கூப்பிட்டார். மூவரும் ஈரத்தோடு வந்து எனக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். மாமனார், மூத்தவர், என் கணவர். மூன்று பேருக்கும் பின்மண்டை இழைப்புளி வைத்து இழைத்ததுபோல நேராக இறங்கியது. ஒரு துளி வளைவு கிடையாது. கல்லில் வைத்தால் மூன்றும் ஆடாமல் உட்காரும். எழுந்து போய் மகளைப் பின்னாலிருந்து பார்த்தேன். வலப்பக்கம் லேசாக ஒரு அமுங்கல். மற்றதெல்லாம் உருண்டு திரும்பியிருந்தது. அந்த நாலு தலையில் உருட்டுக்கு அவளுடையதுதான் முதல். என் வேலையே தட்டை பார்ப்பது. இருந்தும், ஒரே வீட்டில் இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்த தலையை, அடர்ந்த முடி இருக்கிறது என்பதற்காக, நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

நாத்தனார், ஒட்ட வெட்டியிருந்த என் தம்பியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "உங்க ஊரு மண்டைதான் பந்து மாதிரி இருக்குது. தலைகாணில எப்படி நிக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் தலையைத் தடவிக்கொண்டு, "உருண்டு உருண்டுதான் தூங்குதோம்" என்றான். எனக்கு உடம்பிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அத்தனை மாதக் கவலையும் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. தொப்பிகளைப் பைக்குள்ளே போட்டுவிட்டேன்.

கணவரை மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். "உங்க தலையும் இப்பிடித்தான்னு ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா எனக்கும் அட்டை வெட்டியிருப்ப."

"வெளையாடாதீங்க. எம்புட்டுப் பயந்தேன் தெரியுமா?"

அவர் சந்தனம் காய்ந்த தலையைச் சொறிந்துகொண்டார். "டாக்டரு பாத்து நல்லா இருக்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடி நான் எப்படிச் சொல்ல முடியும்? எனக்கும் பயந்தான். நான் சொல்லி, நீ நம்பி, ஆஸ்பத்திரிக்கே போவாம இருந்துட்டா? டாக்டரு சொன்னப்புறம் இனிமே எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். இந்த மனிதருக்குப் பதற்றமே வராது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பந்தி ஆரம்பித்துவிட்டது. இலையில் களி உருண்டைகள் விழுந்துகொண்டிருந்தன. குழம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒருவர் எங்கள் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"டேய் சப்பை, அங்க என்னடா பேசிக்கினு நிக்கற? கடைசி வரிசைக்கு கொழம்பு ஊத்த வாடா."

எனக்குச் சுருக்கென்றது. கணவர் முகத்தைப் பார்த்தேன். "தோ வரேன்டா" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வாளியை வாங்கும்போது சிநேகிதரின் தோளில் ஒரு இடி கொடுத்தார், அவர் திருப்பிக் கொடுத்தார், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். எத்தனையோ வருடமாக அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துப் பழகிய மனிதர்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர் ஒவ்வொரு இலையாகக் குனிந்து குழம்பு ஊற்றிக்கொண்டே போனார். பின்னாலிருந்து அந்தத் தலையை நிதானமாகப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது.